மஞ்சளாய்ப் போன இட்லிப்பூ வேலி

சகாயம்மாளுக்கு மனிதர்களைப் பிடிக்காது என்று சொல்ல முடியாது. மதிக்க மாட்டாள், அவ்வளவுதான். அதிலும் செடியைப் பற்றி யாராவது பேச ஆரம்பித்தால் அவள் உதடு தானாக ஒரு பக்கம் கோணிக்கொள்ளும்.

முத்தாண்டிக்குப்பத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, நெய்வேலி டவுன்ஷிப்பில் அதிகாரிகள் வீட்டுச் செடிவேலிகளை வெட்டிப் பராமரிக்கிற கான்ட்ராக்ட் வேலை அவளுக்கு. அதற்கு முன்னால் அதே டவுன்ஷிப்பில் கொத்தனார்களுக்குக் கலவை சுமந்த சித்தாள். அவள் பார்க்காத கூத்தில்லை. சித்திரை வெயிலில் மருதாணி வேலியை மொட்டையடிக்கச் சொல்லிவிட்டு, "ஏன் காயுது?" என்று கேட்பார் ஒருவர். செம்பருத்தித் தண்டெல்லாம் மாவுப்பூச்சி வெள்ளையாய் அப்பிக் கிடக்க, "பனி விழுந்திருக்கு போல" என்பாள் ஓர் அம்மாள். அரளிக்கு வேளைக்கு நாலு குடம் ஊற்றி வேரை அழுகவிட்டு, இன்னும் இரண்டு குடம் ஊற்றுவாள் இன்னொருத்தி.

இவர்கள் எல்லோரையும்விட சூப்பர்வைசர் சிவப்பிரகாசம்தான் அவளுக்கு ஆகவே ஆகாது. தோட்டக்கலை படித்தவர். குனிந்து ஓர் இலையைத் திருப்பிப் பார்த்ததில்லை. ஸ்கூட்டரை விட்டு இறங்காமலே வைத்தியம் சொல்வார்.

இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம் ஆடி மாதம், அதிகாரி கருணாகரன் வீட்டில் வெட்சி என்கிற இட்லிப்பூ வேலி மஞ்சளடித்தது. தையில் அவர் மகள் கல்யாணம். வரவேற்பு அந்தத் தோட்டத்தில்தான். சகாயம்மாள் இலையைக் கிள்ளிப் பார்த்தாள். நரம்பு பச்சை, நரம்புக்கு நடுவில் எல்லாம் மஞ்சள். அடியில் பூச்சியில்லை. வாசல் கேட்டுப் பக்கம் வேலி கருகருவென்று இருந்தது. மதில் மூலையில் மட்டும் பன்னிரண்டு அடி நீளத்துக்குச் சீக்கு.

பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த மதிலைக் கட்டியபோது மிச்சமான சிமெண்டுக் கலவையையும் சுண்ணாம்பையும் மேஸ்திரி சொல்லி அந்த மூலையில் கொட்டி மண்ணைத் தள்ளி மூடியவளே அவள்தான். இட்லிப்பூவுக்குச் சுண்ணாம்பு ஆகாது. வேர் இப்போதுதான் அங்கே எட்டியிருக்கிறது.

"யூரியா போடு" என்றார் சிவப்பிரகாசம். போட்டாள். "தண்ணி பத்தல, ரெண்டு வேளையும் விடு." விட்டாள். மூன்றாவதாகப் பூச்சி மருந்து அடிக்கச் சொல்லி, தெளிப்பானை, சகாயம்மாளோடு வேலை பார்க்கும் அமிர்தத்தின் முதுகில் ஏற்றினார்.

"யக்கா, ஒனக்குத்தான் தெரியுமே. சொல்லிடேன்" என்றாள் அமிர்தம்.

"நா எதுக்குச் சொல்லணும்? படிச்ச மனுசன். இன்னா ஏதுன்னு கேட்டா சொல்றேன்."

அவர் கேட்கவில்லை. வாரத்துக்கு வாரம் வேலி வெளிறுவதும், அவர் நெற்றியைச் சொறிந்துகொண்டு நிற்பதும் அவளுக்குச் சர்க்கரைப் பொங்கல் மாதிரி இருந்தது. ஐப்பசியில் ஐந்து செடி குச்சியாய் நின்றது.

கருணாகரன் கத்தினார். சிவப்பிரகாசம் யோசிக்கவேயில்லை. "இந்தப் பொம்பளதான் சார், அளவில்லாம மருந்தடிச்சிட்டா" என்று அமிர்தத்தைக் காட்டினார். அன்றைக்கே அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிய அமிர்தம் சகாயம்மாள் எதிரில் வந்து நின்றாள்.

"பக்கத்துலதான நின்னுக்கினு இருந்த. வாயத் தொறக்கலியேக்கா."

மறுநாள் சகாயம்மாள் கடப்பாரையோடு நேராக கருணாகரன் வீட்டுக்குப் போனாள். அவர் பேப்பரும் கையுமாக வெளியே வந்தார்.

"அய்யா, ஒரு முழம் தோண்டறேன். பாத்துட்டு அப்புறம் திட்டுங்க."

ஒரு சாண் ஆழத்திலேயே கடப்பாரை ணங்கென்றது. மண்ணை ஒதுக்கினாள். வெள்ளை பூத்த கலவைக் கட்டியைச் சுற்றி வேரெல்லாம் கறுத்துச் சுருண்டு கிடந்தது.

"இதாங்க சீக்கு. கொட்டுனது நாந்தான். சூப்பர்வைசர் சொன்ன அளவுதான் அமிர்தம் மருந்தடிச்சா."

"மூணு மாசமா ஏம்மா சொல்லல?"

யாரும் கேக்கலீங்க என்ற பதில் நாக்கு நுனிவரை வந்தது. அந்தப் பதில் அவளுக்கே அசிங்கமாகப் பட்டது. சிவப்பிரகாசத்தைப் பார்க்கிற அதே பார்வையில் தன்னையும் ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டாள். மறுபடி கடப்பாரையை எடுத்துத் தோண்டினாள்.

இரண்டு நாளில் மூன்று வண்டி இடிசல் வெளியேறியது. செம்மண்ணும் மக்கிய இலையெருவும் போட்டு நிரப்பினாள். பண்ருட்டி நாட்டுமருந்துக் கடையில் அன்னபேதி என்கிற இரும்பு உப்பை வாங்கிவந்து, வாளித் தண்ணீரில் கொஞ்சமாகக் கரைத்து வேரில் ஊற்றினாள். தண்ணீரைப் பாதியாகக் குறைத்தாள். கத்தரி படவே விடவில்லை. செத்த ஐந்துக்கும் புதுச் செடி வைத்தாள். மஞ்சளான இலை மஞ்சளாகவே உதிர்ந்தது. கார்த்திகைக் கடைசியில் வந்த தளிர் பச்சையாக வந்தது. கல்யாணத்துக்குள் பாதி வேலி பூத்துவிட்டது.

வரவேற்பன்று வந்தவர்களிடம் சிவப்பிரகாசம், "மண்ணை டெஸ்ட் பண்ணித்தான் கண்டுபிடிச்சேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பந்தல் ஓரம் பெருக்கிக்கொண்டிருந்த சகாயம்மாள், "அந்தாளு எந்தக் கையால மண்ணத் தொட்டாரு?" என்று எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னாள். அவர் காது கேளாதவர் மாதிரி ஐஸ்கிரீம் பக்கம் நகர்ந்தார்.

கருணாகரன் சொல்லி அமிர்தத்தைத் திரும்ப வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் அவள் சகாயம்மாளோடு பேச்சை விட்டாள், வேறு மர நிழலில் சாப்பிட்டாள், அடுத்த பஸ்ஸில் போனாள். சகாயம்மாள் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கத் தெரியவில்லை. கேட்காதவர்களுக்கும் மூஞ்சிக்கு நேராகச் செடி வைத்தியம் சொல்ல ஆரம்பித்தாள். வாயாடி என்ற பேர்தான் மிஞ்சியது.

அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள், வெட்டவே வெட்டாத கத்தரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அமிர்தம், பக்கத்து வேலியில் நின்ற சகாயம்மாளைத் திரும்பிப் பார்த்தாள்.

"இந்தா, ஒன் கத்தரிய இப்டிக் குடு" என்றாள்.

சகாயம்மாள் கொடுத்தாள்.