அம்சவள்ளி திருப்பி அனுப்பிய படம்

விக்கிரமங்கலத்தில் அம்சவள்ளியிடம் சொத்தைக் கத்திரிக்காயை விற்றுவிட்டு எவனும் நிம்மதியாக ஊர் போய்ச் சேர்ந்ததில்லை. சாயம் போன புடவையை ஜெயங்கொண்டத்துக் கடைக்கே கொண்டுபோய், முதலாளியின் மேசை மேல் ஈரத்தோடு விரித்துக் காட்டியவள் அவள். ஒழுகுகிற சட்டியில் தண்ணீரை ஊற்றித் தலையில் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனாள். போய்ச் சேர்ந்தபோது அவள் முகமெல்லாம் நனைந்திருந்தது, அதற்கு மேல் சாட்சி எதற்கு? "வாங்குன பொருள் சொன்ன மாதிரி இல்லன்னா திருப்பிக் குடுக்குறதுல என்னய்யா வெக்கம்?" என்பாள். மற்ற நேரமெல்லாம் வாசலில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைப்பாள். கொட்டை எண்ணெய் பட்டு அவள் விரல் நுனிகள் எப்போதும் கறுத்திருக்கும்.

அவள் புருஷன் சாமிதுரை, சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி ஓட்டினான். பிள்ளை இல்லாத வீட்டில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொண்டே காலத்தை ஓட்டினார்கள். போட்டோ என்றால் மட்டும் அவனுக்கு ஆகாது. "படம் புடிச்சா ஆயுசு கொறையும்டி" என்று நழுவிவிடுவான். 2005 சித்திரையில், கீழப்பழுவூர் தாண்டி ஒரு வளைவில் லாரி கவிழ்ந்து தீப்பிடித்து, படம் ஒட்டிய லைசென்ஸோடு அவனும் போய்ச் சேர்ந்தான். "நான் ஒன்னப் படமே புடிக்கலியே, ஒன் ஆயுசு எப்புடிய்யா கொறைஞ்சுது?" என்று கேட்டுக் கேட்டு அவள் அழுததை ஊர் இன்னும் மறக்கவில்லை.

வருஷ திவசம் நெருங்கியது. படம் வைத்துப் படையல் போட வேண்டும். இருந்தது ஒரே போட்டோ, யாரோ ஒரு குழந்தையின் காதுகுத்தில் எடுத்தது. ஓரத்தில் பாதி திரும்பியபடி சாமிதுரை, மழை ஒழுகியதில் அதுவும் மங்கல். உள்ளூர் ஸ்டுடியோக்காரர் கையை விரித்துவிட்டார். ஜெயங்கொண்டத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த கலைச்செல்வன்தான் வழி சொன்னான். வடக்கே ஏதோ ஒரு ஊரில் கம்பெனி. இன்டர்நெட்டில் ஆர்டர் கொடுத்து போட்டோவைத் தபாலில் அனுப்பினால், துணியில் கலர் படமாகத் தீட்டி அனுப்புவார்கள்.

"முகம் சரியா வரலன்னா திருப்பி அனுப்பிட்டுக் காச வாங்கிக்கலாம்க்கா. அதுவும் போட்டுருக்கான்."

அந்தக் கடைசி வார்த்தைதான் அம்சவள்ளியை இளக்கியது. திருப்பி வாங்கிக்கொள்கிறவன் யோக்கியனாகத்தான் இருப்பான் என்று நம்பி, இருந்த ஒரே முகத்தை உறையில் போட்டு அனுப்பினாள்.

பார்சல் திவசத்தன்று காலையில்தான் வந்தது. ராகுகாலம் வருவதற்குள் படையலை முடிக்க வேண்டும், கரண்டும் இல்லை. அம்சவள்ளி அடுப்படியில் வடை தட்டிக்கொண்டிருந்தாள். பொட்டு வைப்பது, மாலை போடுவதெல்லாம் ஆண்கள் வேலை என்பதால் கொழுந்தன் முருகையன் பார்சலைப் பிரித்து, குத்துவிளக்கு வெளிச்சத்தில் படத்தின் நெற்றியில் சந்தனத்தைக் குழைத்துப் பூசி, மேலே குங்குமத்தை அழுத்தி வைத்தான். மாலை போட்டான். சூடம் காட்டும்போது அவள் கண்ணை மூடியே கும்பிட்டாள். காக்கைக்குச் சோறு வைக்க அம்சவள்ளி கொல்லைக்குப் போனாள்.

அமாவாசைக்கு அமாவாசை அவள் வைக்கும் சோற்றுக்குக் காக்கை லேசில் வராது. கத்திக் கத்தித் தொண்டை கட்டும். உயிரோடு இருந்தபோதே நேரத்துக்குச் சாப்பிட வராத மனுஷன்தானே என்று சிரித்துக்கொள்வாள். அன்று அவள் வாயைத் திறக்கும் முன்பே ஒரு காக்கை வந்து இறங்கியது. இலையைக் கீழே வைக்கக்கூட விடவில்லை. பல நாள் பட்டினி கிடந்ததைப் போல அள்ளி அள்ளி விழுங்கியது. அவளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. படம் பிடித்துப்போயிற்று போல என்று உள்ளே வந்து, அப்போதுதான் படத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

அது சாமிதுரை இல்லை.

இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பையன். இடது கண்ணுக்குக் கீழே மச்சம். ஏதோ கேட்க வந்து தயங்கி நிற்கிற பார்வை.

"கலர்ல போட்டதால அண்ணன் எளமையா இருக்காருன்னு நெனச்சேன் அண்ணி" என்றான் முருகையன், அசடு வழிந்தபடி. அம்சவள்ளி மாலையை விலக்கி இன்னொரு தரம் பார்த்தாள். முன்பின் தெரியாத ஒருவனைப் பெயர்கூடத் தெரியாமல் வீட்டுக்குள் அழைத்துச் சோறு போட்டாயிற்று. அவனும் வந்து சாப்பிட்டுவிட்டான்.

மறுநாளே கலைச்செல்வன் கம்பெனிக்கு மெயில் போட்டான். பதில் வரும்வரை படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிச் சாய்த்து வைத்தாள். மாலையைக் கழற்றிய பிறகும் சந்தன வாசனை போகவில்லை. ஒருநாள் சாயங்காலம் அவளோடு சேர்ந்து கொட்டை உடைக்க வந்த பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம், அந்தப் படத்தைப் பார்த்தே இராதவள், வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"வூட்டுக்கு யாரு வந்துருக்கா? உள்ள ஒரு தம்பி நின்னாப்புல இருந்துச்சே?"

"யாருமில்லியே" என்றாள் அம்சவள்ளி. அதற்குப் பிறகு விளக்கு வைத்ததும் அவள் அந்த அறைக்குள் போகவில்லை.

கம்பெனியின் பதிலைக் கலைச்செல்வன் தமிழில் சொன்னான். இரண்டு பார்சல் மாறிவிட்டதாம். சாமிதுரையின் படமும் அந்தக் காதுகுத்துப் போட்டோவும் வடக்கே வேறொரு வீட்டுக்குப் போய்விட்டன.

"காசு வேணும்னா ஒடனே திருப்பித் தரேங்கிறான்க்கா. படந்தான் வேணும்னா, நம்மகிட்ட இருக்கறத மொதல்ல அனுப்பணுமாம். வந்தபடியே இருக்கணும், கறை, குறி ஒண்ணும் இருக்கக் கூடாதாம். பேசாம காச வாங்கிக்கங்க."

"காசு வந்தா அவரு மொகம் வருமா? அது அந்தப் போட்டோல மட்டுந்தான்டா இருக்கு." பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அந்தப் பையன் எப்புடிச் செத்தானாம்?"

கலைச்செல்வன் திரையைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தான். "சாவலக்கா. மூணு வருஷத்துக்கு முன்னாடி சண்ட போட்டுட்டு வூட்ட வுட்டுப் போயிட்டானாம். அவங்கம்மா தெனமும் வாசல்லயே உக்காந்திருக்காங்களாம். புள்ள திரும்பி வரப்ப படம் வூட்டுல மாட்டியிருக்கணும், சீக்கிரம் அனுப்புங்கன்னு கெஞ்சி எழுதியிருக்காங்க."

கூப்பிடுவதற்கு முன்பே வந்து இறங்கிய காக்கை அவள் கண்ணில் வந்து நின்றது. அவள் பஸ் ஏறினாள்.

பட்டப்பகலில், கதவு ஜன்னலையெல்லாம் திறந்து வைத்துக்கொண்டு, படத்தை மடியில் கிடத்தினாள். பஞ்சில் தேங்காய் எண்ணெயைத் தொட்டாள். கருமாதியன்று அவள் நெற்றியில் இருந்ததை ஊர்ப் பெண்கள் கூடி அழித்தார்கள். அந்த விரல்களின் சொரசொரப்பு இன்னும் நெற்றியில் இருந்தது. இப்போது அவளுடைய கறுத்த விரல்கள் இவன் நெற்றியில் இறங்கின. சந்தனம் வந்துவிட்டது. குங்குமம் துணிக்குள் ஊறியிருந்தது.

"ஒனக்கு ஒண்ணுமில்ல சாமி, நீ நல்லாத்தான் இருக்க" என்று சொல்லிக்கொண்டே தேய்த்தாள். பொய் என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரிந்திருக்கும் என்று தோன்றியபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தேய்த்துத் தேய்த்து, உற்றுப் பார்த்தால் மட்டுமே தெரிகிற இளஞ்சிவப்பாக்கினாள். வெயில் பட்ட நெற்றி என்று ஒரு தாய் நினைத்துக்கொள்ளலாம். வாழ்நாளில் முதல் தடவையாக, ஒரு பொருளின் குறையைச் சொல்லாமல் அம்சவள்ளி அதைத் திருப்பி அனுப்பினாள்.

ஆடி அமாவாசைக்குள் காதுகுத்துப் போட்டோவோடு சாமிதுரையின் படம் வந்துவிட்டது. அச்சு அசலாக அவனேதான், கிண்டல் செய்யப் போகிற உதடு உட்பட. கட்டிக்கொண்டு அழுதாள். படையல் போட்டு, இலையைக் கொல்லைச் சுவரில் வைத்துக் கூப்பிட்டாள். காக்கை வந்தது. சுவரின் மறுகோடியில் உட்கார்ந்து, சோற்றைத் தொடாமல் தலையைச் சாய்த்து அவளையே பார்த்தது. முருகையன் கூப்பிட்டான், பஞ்சவர்ணம் கூப்பிட்டாள். அது அசையவே இல்லை.

அம்சவள்ளிக்குப் புரிந்துபோயிற்று. உள்ளே போய் இன்னொரு இலை கிழித்து வந்தாள். சோறும் வடையும் வைத்துச் சற்றுத் தள்ளி வைத்தாள். என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை.

"வாப்பா, வந்து சாப்புடு."

காக்கை தத்தித் தத்தி வந்து அந்த இலையில்தான் முதலில் வாய் வைத்தது. வடக்கே, பெயர் தெரியாத ஓர் ஊரில், அவன் அம்மா இந்நேரம் சோற்றை மூடி வைத்துவிட்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். அவள் பிள்ளை இங்கே விக்கிரமங்கலத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.