ஸ்பிரிங்கின் மேல் வைத்த கை

"வாயால போட்டுக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு, தலையைச் சற்றுச் சாய்த்து, எதிரில் நிற்பவரின் உதட்டையே பார்க்கிறார் மெக்கானிக். எதிரில் நிற்பவர் டை கட்டிய அதிகாரி. திரும்பும்போது கார் போடும் சத்தத்தை அவர் போட்டுக் காட்டியாக வேண்டும். சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு, "டக், டக்" என்கிறார்.

"அது கடிகாரம். வண்டியப் போடுங்க."

"டட்டக்... டட்டக்... டட்டக்!"

"ஓடும்போதா, நின்னுக்கிட்டு ஸ்டீயரிங்க ஒடிக்கும்போதா?"

"ஓடும்போது."

"ஆக்சில். உள்ள விடுங்க."

அதிகாரி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறார். பக்கத்துக் கடை டயர்க்காரர் கை தட்டுகிறார்.

மெக்கானிக்குக் காது மங்கி இரண்டு வருடமாகிறது. கீச்சென்ற ஒலிகள் எதுவும் எட்டுவதில்லை. கனத்த சத்தம் மட்டும் கொஞ்சம் எட்டும். தெருவுக்கே தெரியும். "சத்தமாப் பேசுங்க. ஆனா அவரைத் திட்டணும்னா மெதுவா திட்டினாப் போதும், அது மட்டும் நல்லாவே கேக்கும்" என்று புதிதாக வருபவர்களுக்கு டயர்க்காரர் சொல்லிக்கொடுப்பார்.

கல்லாவில் உட்கார்ந்திருக்கும் மனைவி, வாடிக்கையாளர் சொல்வதையெல்லாம் ஒரு முறை உரக்கத் திருப்பிச் சொல்கிறார். "ஸ்டீயரிங் கனமா இருக்காம்! காலையில ஊன்னு அழுவுதாம்! ஆயில் குறைஞ்சிருக்கான்னு பாருங்க!" முதல்முறை கேட்பவர்களுக்கு அது சண்டை போலிருக்கும். காது கேட்காததைச் சொல்லிக்காட்டுவது போல் இல்லாமல் கணவனுக்குச் சொல்ல, அந்த அம்மாள் கண்டுபிடித்த வழி அது.

மெக்கானிக்கின் கைகள் இரண்டும் ஒரே நிறமில்லை. வலது கை முழங்கை வரை கறுப்பு. ஒவ்வொரு வண்டியையும் தொடுவதற்கு முன் இடது உள்ளங்கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவி, சட்டைப் பையிலிருக்கும் துணியில் துடைக்கிறார். காது விட்ட வேலையை அந்தக் கை எடுத்துக்கொண்டிருக்கிறது.

நான் கொண்டுபோனது என் கணவரின் வண்டி. போன மழைக்காலத்தில் அவர் தவறிப்போய்விட்டார். என் முறை வந்ததும் நானும் போட்டுக் காட்டினேன். "டொய்ங்."

"நின்னுக்கிட்டு ஒடிக்கும்போது?"

"ஆமாண்ணே. முழுசா ஒடிச்சா ஒரு தடவ."

"நல்லாப் போடுறீங்களேம்மா. ரொம்ப நாள் பழக்கமோ?"

"அவர் ஓட்டுற காலத்துலேர்ந்து இருக்கு."

கையைக் கழுவிக்கொண்டு சக்கரத்தின் பக்கத்தில் குந்தினார். இடது கையை உள்ளே விட்டு ஸ்பிரிங்கைச் சுற்றிப் பிடித்தார். மனைவி ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கை ஒடித்தார். "இன்னும்... இன்னும்... அவ்வளவுதான், நிறுத்து. இந்தா குதிக்குது பாரு." என்னிடம் திரும்பினார். "மேல ஒரு பேரிங் சிக்கிக் கெடக்கும்மா. சக்கரம் திரும்புது, இந்த ஸ்பிரிங்கு கூடவே திரும்ப மாட்டேங்குறான். முறுக்கிக்கிட்டே இருந்துட்டு ஒரே குதி. வீம்பு."

பேரிங்கை மாற்றிக்கொண்டிருந்தபோது அவர் மனைவி என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். அப்போது மட்டும் குரல் தணிந்திருந்தது. "போன மாசம் சரி பண்ணி அனுப்பின வண்டி ஒண்ணு, அதே சத்தத்தோட திரும்பி வந்துடுச்சும்மா. வந்தவர் சிரிச்சுக்கிட்டேதான் நின்னார். இவர்தான் ரெண்டு நாள் எந்த வண்டியையும் தொடல. இன்னொண்ணு அப்படி வந்தா ஷட்டர இறக்கிடுவேங்கிறார். சொன்னாச் செய்யிற ஆளு. ஒவ்வொரு வண்டியும் வெளிய போகும்போது நான் கல்லாவ விட்டு எழுந்து வாசல்ல நின்னு பாக்குறேன்."

மாலையில் ஓட்டிப் பார்க்கப் போனோம். மெக்கானிக் ஓட்டினார், நான் பக்கத்தில். தெருமுனையில் காலி மைதானம். நடுவில் நிறுத்தி, ஸ்டீயரிங்கை முழுதாக ஒரு பக்கம் ஒடித்தார். கண்ணாடி வழியே வெளியே பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் புரிந்தது. சத்தம் போய்விட்டதா என்று அவர் தெரிந்துகொள்வது வாடிக்கையாளரின் முகத்தில்தான்.

சத்தம் வரவில்லை.

முன்பு எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி முழுதாக ஒடிக்கும்போதெல்லாம் அந்த "டொய்ங்" கேட்கும். சமையலறையில் இருந்தபடியே என் கணவர் வந்துவிட்டார் என்று அடுப்பைக் கூட்டுவேன். இப்போது நான் ஓட்டி வந்து திரும்பும்போதும் அது கேட்டுக்கொண்டிருந்தது. மறதி நோய்க்காரியான என் மாமியார் எழுந்து போய் மகனுக்குக் கதவைத் திறப்பார். திறந்து என்னைப் பார்ப்பார். தினமும் அந்த முகத்தைப் பார்க்க முடியாமல்தான் வண்டியைக் கொண்டுவந்தேன். சத்தம் போக வேண்டும் என்றுதான் வந்தேன். போனதும் என் முகம் என்னவாயிற்று என்று எனக்குத் தெரியாது.

மெக்கானிக் எஞ்சினை அணைத்தார். ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு கைகளும் மடியில் விழுந்தன.

"சத்தம் போகலையா?"

"போயிடுச்சுண்ணே."

"எனக்காகச் சொல்லாதீங்கம்மா."

"சத்தியமாப் போயிடுச்சு."

"அப்ப மூஞ்சி ஏன் அப்படிப் போச்சு?"

சொன்னேன். மாமியார் கதவு திறப்பதையும் சொன்னேன். அவருக்குக் கேட்பதற்காக உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வார்த்தைகளை நான் அதுவரை யாரிடமும் மெதுவாகக்கூடச் சொன்னதில்லை. என் உதட்டைப் பார்த்துக்கொண்டே கடைசிவரை கேட்டார்.

இறங்கி என் பக்கம் வந்து கதவைத் திறந்தார். "வாங்க." சக்கரத்தின் அருகே குந்தச் சொன்னார். சட்டைப் பையிலிருந்த துணியை எடுத்து என்னிடம் நீட்டினார்; உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டேன். "இடது கைய உள்ள விடுங்க. மெதுவா. அதான் ஸ்பிரிங். அழுத்தாதீங்க, சும்மா வெச்சிருங்க. காதுக்குக் கேக்காதது கைக்குத் தெரியும்."

பிறகு உள்ளே ஏறி எஞ்சினைப் போட்டு, திறந்திருந்த கதவு வழியாக என் முகத்தையே பார்த்தபடி, ஸ்டீயரிங்கை மெதுவாக முழுதும் ஒடித்தார்.