அணைந்ததும் அணைத்ததும்

பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று நடத்தியபோது இது எந்தக் காலத்தில் உதவப்போகிறது என்று நினைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் வேனுக்குள் அடுப்பு வைத்த பிறகுதான் விளங்கியது. அடுப்பு அணைந்தது என்பது வேறு, அடுப்பை அணைத்தேன் என்பது வேறு. முன்னதில் தீ மட்டும்தான் போயிருக்கிறது, கேஸ் வந்துகொண்டே இருக்கிறது. இதை அவர் மண்டையில் ஏற்ற நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

அது ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்த பழைய வேன். யாரோ வண்டியிலேயே சமைத்துச் சாப்பிட்டு ஊர் சுற்றுவதை யூடியூபில் பார்த்துவிட்டு, அதை வாங்கி மணவாள நகரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டார். சீட்டுகளைக் கழற்றிப் படுக்கை போட்டு, ஓரமாக மேடை கட்டி, குட்டி சிலிண்டரும் ஒற்றை அடுப்பும் வைத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் பெண்ணை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். எனக்குக் கும்மிடிப்பூண்டியில் வேலை, பாதி ஞாயிறு ஷிப்ட் இருக்கும். அந்த நாட்களில் அப்பாவும் பெண்ணும் மட்டும் போவார்கள். அவள் இரண்டாம் வகுப்புதான் படிக்கிறாள்.

ஒர்க்‌ஷாப்காரர் சிலிண்டருக்குப் பக்கத்தில், தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை போட்டு வலை அடித்துக் கொடுத்திருந்தார். கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் கீழேதான் தங்கும், அந்த வழியாக வெளியே போய்விடும். கம்பெனி சேஃப்டி கிளாஸில் இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிருக்கிறது. எங்கள் வீட்டு மகராசன் என்ன செய்தார்? எலி வரும், தூசி வரும் என்று அந்த ஓட்டையில் பழைய கோணியைத் திணித்து, மேலே ரப்பர் மேட்டும் விரித்துவிட்டார். நான் எடுப்பேன், அவர் அடைப்பார்.

"ஏங்க, அது கேஸ் வெளிய போறதுக்கு வெச்ச ஓட்டை."

"லீக்கானா வாசன வராதா? சும்மா பேஜாரு பண்ணிக்கினு."

செவிடன் காதில் சங்கு ஊதி ஊதி என் வாய்தான் வலித்தது.

ஒரு ஞாயிறு எனக்கு லீவு. பழவேற்காட்டில் ஏரிக்கரை ஓரமாக வண்டியை நிறுத்தினோம். அவர் டீக்குப் பால் வைத்தார். பெண் படுக்கையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். நான் இறங்கிப் போய் இறால் விலை விசாரித்துக்கொண்டிருந்தபோது காற்று தூக்கியடித்து, தூறலும் பிடித்தது. ஓடிவந்து வேன் கதவைத் திறந்தால், குப்பென்று கேஸ் நாற்றம். ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. அவர் அடுப்புக்கு முன்னால் லைட்டரோடு நின்றிருந்தார்.

"அடுப்பு இன்னாச்சி?"

"காத்துல அணைஞ்சிச்சி. தூறல் வந்திச்சா, ஜன்னல சாத்திக்கினு இருந்தேன். இப்ப பத்த வெக்கறேன்."

எப்போதும் 'ங்க' போட்டுப் பேசுகிறவள் நான். அன்று, "யோவ், கைய எடு, கேஸ் லீக்கு" என்றேன். லைட்டரைப் பிடுங்கி வெளியே வீசினேன். லீக்கா, ஃபேன் போட்டால் போய்விடும் என்று அவர் கை சுவிட்சுக்குப் போனது. அதையும் தட்டிவிட்டு, ரெகுலேட்டரை மூடி, பெண்ணை வாரித் தூக்கிக்கொண்டு இறங்கினேன். அவளைத் தூரத்தில் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து, கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, மேட்டையும் கோணியையும் இழுத்து ரோட்டில் போட்டேன்.

தூறலில் மூன்று பேரும் நின்றோம். பயம் கொஞ்சம் தணிந்ததும் ஆத்திரம் வந்தது.

"கதவத் தொறந்ததுமே எனக்கு அடிக்குது. உள்ளயே நின்னுக்கினு இருந்தீங்களே, மூக்கு இன்னா செத்தா போச்சு?"

ஒன்றுக்கு ஒன்பதாகப் பதில் சொல்கிற மனுஷன் ஏரிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்படியே சொன்னார்.

"ஆமா. கொரோனா வந்து போனதுலருந்து எனக்கு ஒரு வாசனயும் தெரியல."

லீக்கானால் வாசனை வராதா என்று இத்தனை நாள் என்னிடம் அடித்துப் பேசிய ஆள் இவர்தான்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா வண்டில அடுப்பே வெக்க உட்ருக்க மாட்டியே."

உண்மைதான், விட்டிருக்க மாட்டேன். அதற்காகத்தானய்யா சொல்லியிருக்க வேண்டும் என்று இவருக்கு எந்த மொழியில் சொல்லிப் புரியவைப்பது? பாவம், மூக்கு போய்விட்டதே என்று இரக்கப்பட்டிருக்கலாம். எனக்கு வரவில்லை. இரண்டு கையாலும் அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலத்தான் இருந்தது.

பெண் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள்.

"இந்த நாத்தம் போன வாரமும் வந்திச்சிம்மா. நீ வேலைக்குப் போயிருந்தியே, அப்போ. நான் அப்பா கிட்ட சொன்னேன். அப்பா மோந்து பாத்துட்டு, ஒண்ணுமில்ல, படுத்துத் தூங்குன்னாரு. நானும் தூங்கிட்டேன்."