மறுபடி கேட்காதே

நகராட்சி அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், கழிப்பறைக்கு எதிரே வரைபடப் பிரிவு. நான்கு மேசை, இரண்டு கம்ப்யூட்டர், ஆள் உயரத்துக்கு ஒரு பிரிண்டர். அந்த அறையில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்து எழுந்தவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பொறியாளர்களுக்கு அவர் மேடம். மற்ற எல்லாருக்கும் மேப் அக்கா.

வேலைக்குச் சேர்ந்தபோது டிரேசிங் தாளில் மைப் பேனாவால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு சிந்தினால் மூன்று நாள் உழைப்பு அம்போ. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அதற்கு மென்பொருள் வாங்கிக் கொடுக்க அலுவலகத்துக்கு மனம் வரவில்லை. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்று உலகத்துக்கே பொதுவாக விட்டிருந்த ஒரு வரைபட மென்பொருளை அக்காவே இறக்கிப் போட்டுக்கொண்டார். அதில் இல்லாத வசதியை யாராவது எழுதிச் சேர்த்தால் அதற்கு ப்ளகின் என்று பெயர். பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்திய அக்கா மூன்று வருடத்தில் ப்ளகின் எழுதக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொடுத்தவர்கள் இணைய மன்றத்தில் இருந்த முகம் தெரியாத ஆட்கள். அதில் பாதிப் பேர் எரிந்து விழுந்துகொண்டேதான் கற்றுக்கொடுத்தார்கள்.

எழுதியதோடு விட்டாரா என்றால், இல்லை. அந்த மென்பொருளுக்கு ப்ளகின்கள் ஈசல் மாதிரிக் கிளம்பியிருந்தன. ஒரே வேலையைச் செய்ய ஏழு ப்ளகின், ஏழில் ஐந்து உடைசல். அக்கா அவற்றைத் தரம் பிரிக்கும் தன்னார்வக் குழுவில் சேர்ந்தார். எது எந்த மெனுவுக்குள் போக வேண்டும், எதற்கு விளக்கம் புரியவில்லை, எதை மூட்டை கட்டி ஓரமாக வைக்கலாம் என்று பதினோரு வருடம் அடுக்கினார். "நம்ம வீட்டு அலமாரிய அடுக்க ஆளக் காணோம், உலகத்து மெனுவ எல்லாம் இவதான் அடுக்குறா" என்று கணவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அக்காவும் சிரிப்பார். உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம்தான். அதில் தப்பில்லை. சம்பளம் தராத வேலையில் கர்வமும் கூடாது என்றால் மனுஷி எதை வைத்துக்கொள்வது?

அவர் எழுதியதில் பேர் வாங்கியது 'ஓரக்கோடு'. ஒரு சாலையையோ கால்வாயையோ காட்டி, இத்தனை மீட்டர் என்று சொன்னால் போதும். அந்தத் தூரத்துக்குள் விழும் வீடுகளையெல்லாம் சிவப்பாக்கி, கதவு எண்ணோடு பட்டியல் போட்டுக் கொடுத்துவிடும்.

அதில் ஒரே ஒரு தொல்லை இருந்தது. இடங்களைக் குறிக்கும் கணக்கு நடுவில் ஒருமுறை மாறியதால், ஊரைப் பழைய கணக்கில் அளந்த படங்களும் உண்டு, புதிய கணக்கில் அளந்தவையும் உண்டு. தெரியாமல் இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று போட்டால் ஒன்று நகர்ந்து உட்காரும். பெரும்பாலான படங்கள் தாம் எந்தக் கணக்கு என்று தாமே சொல்லிவிடும். சொல்லாத படம் வந்தால் 'ஓரக்கோடு' ஒரு பெட்டியைத் திறந்து, "இது பழையதா, புதியதா?" என்று கேட்கும். பெட்டிக்குக் கீழே ஒரு சின்னக் கட்டம்: 'மறுபடி கேட்காதே.'

ஜனங்களுக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. நச்சரிக்கிறது, ஒவ்வொரு முறையும் உயிரை வாங்குகிறது என்று மன்றத்தில் எழுதினார்கள். அக்காவுக்கும் கேள்வி கேட்கிற சாமான் என்றால் இளக்காரம்தான். ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்து, எல்லாருக்கும் போகிற பதிப்பிலேயே அந்தக் கட்டத்தில் தானே டிக் அடித்துவைத்தார். இனி எந்தப் படம் வந்தாலும் 'புதியது' என்று வாயை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளும். அந்த மாதம் அவருக்கு வந்த பாராட்டுகளைப் போல் அதற்கு முன்னால் வந்ததில்லை.

அடுத்த வருடம் நகராட்சி கால்வாயை அகலப்படுத்தக் கிளம்பியது. நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் பதினைந்து மீட்டர் காலி செய்ய வேண்டும். பொறியாளர் 'ஓரக்கோட்டை' ஓட்டி, பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். இருபத்து மூன்று வீடு. பதினாறாவதாக இருந்தது அக்காவின் தம்பி வீடு.

தம்பி துவைக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவன். முன்னறைதான் அவன் கடை. இரண்டு பிள்ளைகளும் மனைவியும் பின்னறையில். பட்டியலைப் பார்த்த அன்றே அலுவலகத்துக்கு வந்துவிட்டான்.

"அக்கா, எனக்கு இது சரியாப் படல. சின்னப் பாலத்துல நட்டநடுவுல நின்னு டேப் பிடிச்சேன். என் சுவருக்கு இருபது மீட்டர் வருது."

"டேப் தொய்ஞ்சிருக்கும்டா."

"தொய்ஞ்சா அஞ்சு மீட்டரா தொய்யும்?"

அக்கா கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். கோட்டிலிருந்து சுவருக்குப் பதினோரு மீட்டர் என்று எழுத்துச் சுத்தமாக இருந்தது. "இது நான் எழுதினது. எத்தனையோ ஊர்ல ஓடுது. இது பொய் சொல்லாது."

"அப்ப ஆட்சேபம் எழுதிக் குடுக்க வேண்டாமா? பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாரும் எழுதுறாங்க."

"எழுதினா இழுத்தடிப்பாங்க. ஒத்துக்கறவங்களுக்குத்தான் மாற்று வீடு முதல்ல. கையெழுத்துப் போட்டுடு. அக்கா சொல்றேன்ல."

போட்டான். அவன் போட்டதைப் பார்த்துவிட்டுத் தெருவே போட்டது. மேப் அக்காவின் சொந்தத் தம்பியே ஒத்துக்கொண்டான், நாம் என்ன துள்ளுவது என்று ஆட்சேபக் கடிதங்களைக் கிழித்துப் போட்டார்கள். ஒரே வாரத்தில் இருபத்து மூன்று வீடும் மண்ணாயிற்று. அக்கா அதைப் பார்க்கப் போகவில்லை. அன்று பிரிண்டரில் தாள் சிக்கிக்கொண்டது என்று காரணம் சொன்னார். அது உண்மையும்கூட.

நான்கு மாதம் கழித்து, வேறேதோ தேசத்திலிருந்து ஒருவர் மன்றத்தில் குறை எழுதியிருந்தார். 'ஓரக்கோட்டில் போட்டால் எங்கள் ஊர்க் கிணறு நடுரோட்டில் வந்து நிற்கிறது. எங்கள் படம் பழைய கணக்கு. உங்கள் ப்ளகின் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை?'

அக்கா வழக்கம்போல நன்றி சொல்லி, பார்க்கிறேன் என்று பதில் போட்டார். பதில் போட்ட கை விசைப்பலகையிலேயே நின்றுவிட்டது. கால்வாய்ப் படம் யார் வரைந்தது? அவரேதான். சேர்ந்த புதிதில், மைப் பேனாவால், பழைய கணக்கில். பின்னாளில் யாரோ அதை ஸ்கேன் செய்து ஏற்றும்போது எந்தக் கணக்கு என்று குறிக்காமல் விட்டிருந்தார்கள். வீடுகளின் படமோ புதியது. அக்கா கால்வாயைப் பழைய கணக்குக்கு மாற்றி மறுபடி ஓட்டிப் பார்த்தார். கோடு ஒன்பது மீட்டர் நகர்ந்தது. தம்பி வீட்டுச் சுவர் இருபது மீட்டரில் போய் நின்றது. இருபத்து மூன்றில் ஒன்றுகூடச் சிவப்பாகவில்லை. எதிர்க்கரையில் ஒரு பெரிய கிடங்கும் மூன்று மாடிக் கட்டடமும் சிவந்தன.

 எழுந்து நேரே பொறியாளர் அறைக்குப் போய், மறைக்காமல் சொன்னார். பொறியாளர் கதவைச் சாத்தினார்.

"மேடம், இடிச்சாச்சு. கரையும் கட்டியாச்சு. இப்பப் போய்க் கிடங்குக்காரன்கிட்ட, நியாயமா உன்னோடதத்தான் இடிச்சிருக்கணும்னு சொல்லட்டுமா?"

"தப்பு என்னோடது சார். எழுதிக் குடுக்கறேன்."

"எதுக்கு? ஓசில வந்த சாமான். தானமா வந்த மாட்டப் பல்லப் பிடிச்சா பாப்பாங்க? இருபத்து மூணு பேரும் சம்மதம்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க. யாரும் கேக்கல. நீங்களாக் கெளப்பாதீங்க."

எழுதித்தான் கொடுத்தார். அந்தக் கடிதம் எந்தக் கோப்புக்குள் போய்ப் படுத்ததோ, யாருக்கும் தெரியாது. அன்று மாலையே ப்ளகினைத் திருத்திப் புதிய பதிப்பு விட்டார். கேள்விப் பெட்டி திரும்பி வந்தது, 'மறுபடி கேட்காதே' கட்டம் அடியோடு போனது. இரண்டே நாளில் ஒருவர் எழுதினார்: 'நன்றாக இருந்த ப்ளகினைக் கெடுத்துவிட்டார்கள்.' அதற்கு நாற்பது பேர் ஆமாம் போட்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தம்பியின் மாற்று வீட்டுக்குப் போனார். நான்காம் மாடி, ஒன்றரை அறை. துவைக்கும் இயந்திரத்தை நாலு மாடி தூக்கிக்கொண்டு வந்து யார் பழுது பார்க்கக் கொடுப்பார்கள்? தம்பி இப்போது ஒரு கடையில் சாமான் ஏற்றி இறக்குகிறான். அவன் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். "உக்காருங்க அண்ணி. டீ போடறேன்."

"டீ வேண்டாம்மா. நீயும் இரு." அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பழைய கணக்கு, புதிய கணக்கு, கட்டம், ஒன்பது மீட்டர். சொல்லச் சொல்ல அவருக்கே அது நொண்டிச் சாக்காகத்தான் பட்டது. தம்பி மனைவி பாதியிலேயே சமையலறைக்குள் போய்விட்டாள்.

 "மத்தவங்களுக்கும் சொல்லப்போறியா?" என்று தம்பி கேட்டான்.

"சொல்லணும். ஒவ்வொரு வீடாப் போறேன். அந்த மேப்ப நம்பித்தானே எல்லாரும் கையெழுத்துப் போட்டீங்க."

"அவங்க நம்பினாங்க. எனக்கு மேப்பெல்லாம் எங்க தெரியும்க்கா? என் கையில இருந்த டேப்பு இருபதுன்னு சொல்லிச்சு. நீ பதினொண்ணுன்ன. நான் டேப்பத் தூக்கிப் போட்டேன்."

கோபமில்லாமல்தான் சொன்னான். படி வரைக்கும் கூடவே வந்து, "மூணாவது மாடில பல்பு எரியல, பாத்து எறங்கு" என்றான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அக்கா எப்படியாவது இறங்கிப் போயிருப்பார். அந்த முதல் படியிலேயே நின்றுகொண்டிருந்தார்.