முனியப்பனிடம் ஒரு நாள் லீவு

போன வாரம் ஒரு டாக்டர் ஒரு பெண்மணியைப் பார்த்து, "உங்க வீட்டுக்காரர் நல்லா இருக்காரும்மா" என்றார். அந்தப் பெண்மணி தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். இடம், காரிமங்கலம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த மாற்றுத்திறனாளிகள் முகாம். பெண்மணி, எங்கள் பின்தெரு பச்சையம்மா. நன்றாக இருப்பதாகத் தீர்ப்பு வாங்கியவர் அவருடைய கணவர் மாதையன். கொத்தனார். அவர் எழுப்பிய சுவர் நூல் பிடித்த மாதிரி நிற்கும். குடித்தால் மாதையன்தான் நிற்கமாட்டார்.

குடி என்றால் சாதாரணக் குடி இல்லை. ஆரம்பித்தால் மேஸ்திரி வாசலில் வந்து கத்தினாலும் எழுந்திருக்கமாட்டார். ஜன்னல் மட்டத்தோடு நின்றுபோன ஒரு வீடு, மழைக்காலம் முழுக்க இவருக்காகக் காத்திருந்தது. பச்சையம்மா தக்காளி பறிக்கப் போன கூலியில்தான் அவர்கள் வீட்டு அடுப்பு எரிந்தது.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த பச்சையம்மா, ஒரு நாள் மாதையனுக்கு மாற்றுத்திறனாளி உதவித்தொகை கேட்டு மனுப் போட்டுவிட்டார். முகாமுக்கு வரச்சொல்லித் தகவல் வந்ததும் நேராக என் வீட்டுக்கு வந்தார்.

"சார், நீங்க கூட வந்து சும்மா நின்னா போதுங்க. பத்திரிகையில எழுதறவருன்னா டாக்டரு கொஞ்சம் பயப்படுவாரு."

டாக்டர் என்னைக் கண்டு பயப்படுவதா? டாக்டர் பி.பி. பார்க்கும் மிஷினை எடுத்தாலே எனக்குப் பி.பி. ஏறிவிடும். ஆனாலும் போனேன்.

வழியில் கேட்டேன். "ஏம்மா, குடிக்கிறவருக்கு எதுக்கு அரசாங்கம் பணம் தரணும்?" நீங்களும் அதைத்தானே கேட்டிருப்பீர்கள்?

"கால் ஒடிஞ்சு கெடந்தா குடுக்கறாங்க இல்லீங்களா? இவரு குடிச்சா ரெண்டு காலும் இருந்தே கெடக்கறாருங்க சார்."

"சரி, அந்தப் பணத்தையும் குடிச்சிட்டாருன்னா?"

"என் கையில குடுக்கட்டுங்க. குடிக்கறதுதான் அவரு... ஊனம் எனக்குத்தானே?"

யோசித்துப் பார்த்தேன். அரசாங்கம் ஒரு ஜன்னலில் பாட்டில் விற்கும். பக்கத்து ஜன்னலில், குடித்துக் கெட்டுப்போனவருக்கு உதவித்தொகை கொடுக்கும். அந்தத் தொகை மறுபடி முதல் ஜன்னலுக்கே வந்து சேரும். வேறு எந்தத் திட்டத்திலாவது போட்ட பணம் இத்தனை சீக்கிரம் கஜானாவுக்குத் திரும்பியது உண்டா?

ஆனால் நடுவில் ஒரு சிக்கல். மனுவுக்குப் பதில் வரத் தாமதமானதால், பச்சையம்மா இன்னொரு இடத்திலும் முறையிட்டிருந்தார் — முனியப்பன் கோவிலில்.

எங்கள் பக்கத்தில் குடியை நிறுத்த வேண்டுமென்றால் முனியப்பன் முன்னால் சத்தியம் பண்ணிக் கையில் கயிறு கட்டிக்கொள்வார்கள். 'இந்த மாசம் வரைக்கும்' என்று கெடு சொல்லித்தான் கட்டுவது. கயிறு கையில் இருக்கும்வரை பாட்டிலைத் தொடக்கூடாது. தொட்டால் என்ன ஆகும் என்பதைப் பற்றி ஆளாளுக்கு ஒரு பயங்கரக் கதை வைத்திருக்கிறார்கள். மாதையன் ஆடி வரைக்கும் கட்டியிருந்தார். சொன்ன சொல் தவறவில்லை. வேலைக்கும் போக ஆரம்பித்திருந்தார்.

ஆக, அரசாங்கத்துக்கு முன்னால் முனியப்பன் மனுவைப் பைசல் செய்துவிட்டார். அதற்கப்புறம்தான் முகாம் வருகிறது!

"குடிக்குன்னு தனியா சர்டிபிகேட் கிடையாதும்மா" என்றார் டாக்டர். என்னைக் கண்டு அவர் பயந்த மாதிரித் தெரியவில்லை. "கை நடுக்கம், நரம்புத் தளர்ச்சி மாதிரி ஏதாவது இருந்தா பார்க்கலாம். கையை நீட்டுங்க."

மாதையன் நீட்டினார். அந்தக் கையின்மேல் ரசமட்டத்தை வைத்திருந்தால் குமிழி அசையாமல் நடுவில் நின்றிருக்கும்.

"விரலை விரிங்க." விரித்தார். "இந்தக் கோட்டு மேல நடங்க." நடந்தார்.

"கொஞ்சம் ஆடுங்களேன்!" என்று பச்சையம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார். மாதையன் காதில் வாங்கவில்லை. தொழில் சுத்தமான மனிதர்... கோடு என்றால் அவருக்குக் கோடுதான்.

அப்போதுதான் டாக்டர் அந்தத் தீர்ப்பைச் சொன்னார்.

"சார், நீங்க தை மாசத்துல பார்த்திருக்கணுங்க" என்று தரையில் இருந்தபடியே பச்சையம்மா வாதாடினார். "டம்ளரு புடிக்க முடியாது சார். டீ பூராவும் சட்டையிலதான் கெடக்கும். ஆடி முடிஞ்சு கயிறு அவுத்தா மறுபடியும் அதே கதைதாங்க."

"அது அப்போம்மா. இப்போ நல்லா இருக்காரே, சந்தோஷப்படுங்க. மறுபடி குடிக்க ஆரம்பிச்சா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. வைத்தியம் இருக்குது."

நல்ல மனிதர்தான். அவர் சொன்னதும் நியாயம்தான். ஆனால் வரிசையில் நின்ற யாரோ, அடுத்த வாரம் கடத்தூரில் இன்னொரு முகாம் இருக்கிறது என்று சொல்லித் தொலைத்தார்கள். பச்சையம்மா சடாரென்று எழுந்தார்.

"சார், நடுங்க வெச்சுக் கூட்டியாந்துடலாங்க!"

"எப்படிம்மா?"

"குடிச்சாத்தான் நடுங்கும். குடிக்கணும்னா கயிறு அவுக்கணும். வாங்க, முனியப்பன்கிட்ட ஒரு நாளு லீவு கேக்கலாம்."

குடிகாரக் கணவனைக் குடிக்க வைக்க அனுமதி கேட்டு ஒரு மனைவி கோவிலுக்குப் போகிறார். தடுக்க வேண்டிய நான் என்ன செய்தேன்? கூடவே போனேன். என்னதான் நடக்கும் என்று பார்க்கும் ஆசை!

பூசாரி இதைக் கேட்டுத் திடுக்கிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஆபீஸ் சூப்பிரண்டெண்ட் மாதிரி நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"கல்யாணம், கெடாவெட்டுன்னு லீவு கேட்டு வருவாங்க. கவர்மெண்ட்டு காரியத்துக்குன்னு இன்னிக்குத்தான் ஒருத்தர் வராங்க. எத்தன நாளு வேணும்?"

"ஒரே நாளு போதுங்க சாமி. ராத்திரி குடிச்சிட்டு, விடிஞ்சு நடுங்கினா போதும்."

"நடுங்குன கையோட வந்து மறுபடி கட்டிக்கணும். ஆமா!"

"ஆகட்டுங்க."

இதுவரைக்கும் மாதையனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? நான் அப்போது கவனிக்கவில்லை.

பூசாரி சாமியின் இரண்டு தோளிலும் பூ வைத்தார். வலது தோள் பூ விழுந்தால் உத்தரவு. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ரோட்டில் ஒரு டிப்பர் லாரி தடதடவென்று போனது. வலது பக்கத்துப் பூ விழுந்தது. விழவைத்தது டிப்பர்தான் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். பூசாரி அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

"சாமி உத்தரவு குடுத்துருச்சு" என்று மாதையனின் கையைப் பிடித்து, கயிற்று முடிச்சை நகத்தால் தளர்த்த ஆரம்பித்தார்.

மாதையன் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். அந்தக் கை இப்போது நடுங்கியது. நிஜமாகவே நடுங்கியது. நல்ல பயத்தில் நடுங்கியது.

"வேணாங்க சாமி. அவுக்காதீங்க."

"ஒரு நாளுதானே மாதையா? சாமியே சொல்லிடுச்சில்ல?"

"சாமி சொல்லுதுங்க. இவளும் ஒரு நாளுங்கறா." மாதையன் கயிற்றை இன்னொரு கையால் பொத்திக்கொண்டார். "எனக்கு ஒரு நாளைக்குக் குடிக்கத் தெரியாதுங்களே..."

வேடிக்கை பார்க்க வந்ததற்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

படி ஏற முடியாதவருக்குச் சாய்வுப் பாதை போடுகிறோம். யாரும் அவரைப் பார்த்து, 'மனசு வெச்சா ஏறலாமே' என்று சொல்வதில்லை. ஒரு நாள் குடித்துவிட்டு மறுநாள் நிறுத்த முடியாத மனிதருக்கு நாம் சொல்வது அது ஒன்றுதான். அவருக்கு இருப்பது ஊனமா, நோயா? பணம் கொடுப்பதா, வைத்தியம் கொடுப்பதா? கொடுத்தால் யார் கையில் கொடுப்பது? முடிவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆனால், கொழுப்பெடுத்துக் குடிக்கிறான் என்று யாராவது இனிமேல் சொன்னால் என்னால் தலையாட்ட முடியாது.

பச்சையம்மா கணவர் கிட்டே போய், பூசாரி தளர்த்திய முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கினார். முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"சார், கை நடுங்குனாத்தான் பணம் குடுப்பாங்க. அது சரிங்க. சாமியே குடின்னு சொல்லியும் இந்த மனுசன் வேணாம்னாரே... அதுக்கு ஏதாச்சும் குடுப்பாங்களான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க."