அறுத்த கம்பியும் கேட்கப்பட்ட ஜெபமும்

சகோதர சகோதரிகளே, போன சித்திரையில் என் வீட்டுக் கூரை போனது. காற்று கொண்டுபோனது என்று வெளியே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது என் வாய்க்கொழுப்பால் போனது.

பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயம், வீடுகள் எல்லாம் ஒரே வரிசையில் ஒட்டி நிற்கும். தகரத்தை மாற்றித் தருகிறோம் என்று தோட்டத்தில் எத்தனை வருஷமாகச் சொல்கிறார்கள் என்று கேட்காதீர்கள், எனக்கு வயிறு எரியும். அதனால் வருஷப் பிறப்புக்கு முன்னால் பக்கத்து வீட்டோடு சேர்ந்து இரண்டு கூரைக்கும் மேலாக ஒரே கம்பியை இழுத்துக் கட்டுவோம். சித்திரையில் மத்தியானம் தவறாமல் இடியும் காற்றும் வரும்.

பக்கத்து வீட்டு ராசாத்திக்கும் எனக்கும் தண்ணீர்க் குழாயில் சண்டை. கோபத்தில் ஏணி வைத்து ஏறி அந்தக் கம்பியைக் குறடால் அறுத்தேன். என் தகரத்தின் மேல் பெரிய கற்களாகத் தூக்கி வைத்தேன். அவள் இரண்டு தடவை வந்து, திரும்பக் கட்டலாம் என்று கேட்டாள். முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்தினேன். அன்று ராத்திரி ஜெபத்தில், என் கூரையை மட்டும் காத்துக்கொள்ளும் ஆண்டவரே என்றேன். அவள் கூரை பறந்தால் சந்தோஷம் என்றும் நினைத்தேன். இதைச் சபையில் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வருஷப் பிறப்பு முடிந்து வந்த செவ்வாய்க்கிழமை. என் மகள் ஸ்டெல்லாவுக்குக் காய்ச்சல், வயது ஏழு. என் வீட்டுக்காரருக்குக் கொழும்பில் வேலை. பிள்ளையைப் படுக்க வைத்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனேன். இரண்டு மணிக்கு வானம் கறுத்தது. காற்று கிளம்பியபோது கூடையை எறிந்துவிட்டு ஓடினேன். தேயிலைக்கு நடுவில் வழுக்கி விழுந்து, அங்கேயே கத்தினேன். கூரை வேண்டாம் ஆண்டவரே, பிள்ளையை மட்டும் தாரும் என்றேன்.

வந்து பார்த்தால் வீட்டுக்கு மேலே வானம்தான். நான் தூக்கி வைத்த கற்கள் கட்டிலில் கிடந்தன. தலையணையின் மேலேயே ஒன்று. பிள்ளையைக் காணாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

ராசாத்தியின் முன்னறைத் தகரமும் போயிருந்தது. அவள் உள்ளே அடுப்புக்குப் பக்கத்தில் என் பிள்ளையைத் தன் கம்பளியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். காற்று தொடங்கியதுமே போய்த் தூக்கி வந்திருக்கிறாள். நான் காலில் விழப் போனேன். அவள் தள்ளிவிட்டாள்.

"கம்பிய அறுத்தது நீங்க. புள்ள என்னக்கா பண்ணுச்சு?"

மன்னிப்புக் கேட்டேன். அவள் இன்றைக்கும் குழாயடியில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். திருப்பட்டும், எனக்கு அது வேண்டும். அவள் கோயிலுக்குப் போகிறவள், நான் சபைக்கு வருகிறவள். நான் சபித்தவளின் கையில்தான் ஆண்டவர் என் பிள்ளையைக் கொடுத்தார். அவருக்கு ஸ்தோத்திரம்.

இந்த வருஷம் கம்பியை நானே வாங்கி வந்தேன். லயம் முழுவதற்கும் ஒரே கம்பி. ராசாத்தி வந்து மறுமுனையைப் பிடித்து இழுத்தாள். இருவருமாக இறுக்கிக் கட்டினோம்.

ஜெபம் இருக்கிறது, கூரையைப் பார்க்கத் தேவையில்லை என்று சிலர் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். எனக்கு உங்கள் மேல் கோபம். ஆண்டவரை நம்புங்கள், கூப்பிட்டால் கேட்கிறார், நான் சாட்சி. ஆனால் இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் முதலில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். மழை மத்தியானம் வந்துவிடும்.