முதலாளியின் பழைய வழக்கேடு

என் மனைவி என்னுடைய மூன்று புத்தகங்களில் ஒன்றையும் முன்னுரை தாண்டி வாசித்ததில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. முன்னுரையை எழுதியது வேறொருவர், அவர் நன்றாக எழுதியிருந்தார். அப்படிப்பட்டவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அடுப்பில் பருப்பு பாதி வெந்து கிடக்க, குசினிக் கதவில் சாய்ந்து நின்று ஒரு புத்தகத்தை வாசித்து அழுதுகொண்டிருந்தாள்.

எழுதியவர் ஒரு ஹார்ட்வெயார் முதலாளி. மாத்தளைக் கடைத்தெருவில் ஆணியும் பெயின்டும் பிவிசி குழாயும் விற்பவர். எனக்கு நெடுநாள் பழக்கம். என் வீட்டுக் குழாய்கள் எல்லாம் அவர் கடையில் வாங்கியவைதான், ஒழுகுகின்றன. எல்கடுவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்து, ஐம்பது வயதுக்குப் பிறகு பேனாவைத் தூக்கி, தன் இளமைக்காலத்தை எழுதி, அச்சடித்து, வெளியீடு வைக்கும் முன்பே கடையில் விற்கவும் தொடங்கிவிட்டார். இருபது வயதில் கொழுந்து நிறுக்கிற இடத்தில், கொழுந்தெடுக்கிற ஒரு பெண்ணைக் கேவலமாகப் பேசிய கணக்கப்பிள்ளையை அறைந்தாராம். பொலிஸ் பிடித்துக்கொண்டுபோய், விளக்கமறியலில் வைத்து, வழக்கும் நடந்ததாம். "என் கரம் எழுந்தது, அநீதி சரிந்தது" என்றெல்லாம் வருகிறது. எழுத்தாளன் என்ற முறையில் அந்த வரியைக் கண்டு எனக்குப் பல் கூசியது. ஆனால் சோற்றுப்பார்சலோடு சிறை வாசலில் நாள் முழுக்க நின்ற அவருடைய அம்மாவைப் பற்றிய பக்கம் வந்தபோது நானும் மூக்கைச் சிந்தினேன். தடிமன் என்று மனைவியிடம் சொல்லிச் சமாளித்தேன்.

"மனுசன் வாழ்ந்திருக்காரு," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"ஏன், நானுந்தானே வாழ்ந்திருக்கேன்?"

"நீங்க இருந்திருக்கீங்க."

இருபத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து, வாரப் பத்திரிகையில் பத்தி எழுதி, ஊருக்கே சிரிப்பு மூட்டுகிறவன் என்று பெயர் வாங்கியவனை ஒரே சொல்லில் முடித்துவிட்டு அவள் பருப்பைப் பார்க்கப் போய்விட்டாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. சிறைக்குப் போகாமல் ஐம்பத்திரண்டு வயதுவரை காலத்தைக் கடத்தியதற்காக முதன்முறையாக வெட்கப்பட்டேன்.

அடுத்த வாரம் முதலாளியே ஒரு பெட்டி லட்டோடு வீட்டுக்கு வந்தார். புத்தக வெளியீட்டில் நான்தான் ஆய்வுரை செய்ய வேண்டுமாம்.

"மாஸ்டர், ஊர்ல வேற யாரு இருக்காங்க? நீங்க ரெண்டு வார்த்த பேசினா போதும்."

என் மனைவி அவருக்கு நல்ல கோப்பையில் தேநீர் கொண்டுவந்தாள். அந்தக் கோப்பையில் எனக்கு ஒரு நாளும் தேநீர் வந்ததில்லை. நான் சம்மதித்தேன்.

அவர் படியிறங்கும்போதே எனக்கு அந்த யோசனை வந்துவிட்டது. ஒருநாள் கல்லாப்பெட்டி மேல் பல்லி விழுந்ததற்குக் கௌண்டரைத் தாண்டிக் குதித்தவர் இந்த முதலாளி. நான் கண்ணால் கண்டேன். இவரா கணக்கப்பிள்ளையை அறைந்திருப்பார்? வழக்கு நடந்திருந்தால் நீதிமன்றத்தில் ஏடு இருக்கும். ஏடு இல்லையென்றால் கதையும் இல்லை. மேடையில் மிக மரியாதையாக, மிகுந்த வருத்தத்தோடு அதைச் சொல்லிவிடலாம். இரண்டாவது வரிசையில் என் மனைவி இருப்பாள்.

நீதவான் நீதிமன்றத்துக்கு எதிரே எனக்குத் தெரிந்த ஒரு சட்டத்தரணியின் அறை இருக்கிறது. மாத்தளையிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம் பெண்மணி, என் பத்தியைத் தவறாமல் வாசிப்பவர். பழைய வழக்கொன்றின் பிரதி எடுக்க வேண்டும் என்றேன்.

"கேஸ் நம்பர்?"

"தெரியாது மிஸ்."

"வருஷம், பொலிஸ் ஸ்டேஷன், எதிரியோட, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரோட, முழுப்பேரு இருந்தா ரெஜிஸ்டர்ல தேடிப் பார்க்கலாம். ஆனா பழைய ஏடு, சில நேரம் அழிச்சும் இருப்பாங்க. அது சரி, இந்தக் கேஸ்ல நீங்க யாரு சேர்? முறைப்பாட்டுக்காரரா, சாட்சியா?"

"வாசகன்."

"கோட்டுல வாசகருக்கு இடமில்ல சேர். சம்பந்தப்பட்ட ஆளுன்னா மனு எழுதிக் குடுத்து, முத்திரை ஒட்டி, லேசா எடுத்துக்கலாம். வெளி ஆளுன்னா மோஷன் போடணும். எதுக்குக் கேக்கிறீங்கன்னு காரணம் எழுதணும்."

"நூல் ஆய்வுன்னு எழுதுங்க."

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "அப்படியே எழுதுறேன். உண்மையான காரணத்த எழுத மாட்டேன், பயப்படாதீங்க."

வழக்கு இலக்கம் தேடுகிற வேலையில் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. வருஷமும் மாதமும் பொலிஸ் நிலையமும் எங்கே கிடைத்தன என்றால், முதலாளியின் புத்தகத்திலேயே. பொய் எழுதுகிறவன் இவ்வளவு சரியாக எழுத மாட்டான் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஏட்டறையில் இருந்த எழுதுவினைஞர் தூசி பறக்கப் பழைய பதிவேட்டைத் திறந்து, விரலால் மெல்லக் கீழே இறங்கி வந்து, ஓரிடத்தில் நின்றார். இலக்கம் இருந்தது. ஏடும் அழிக்கப்படாமல் இருந்தது. சரி, வழக்கு உண்டு என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். கோழி திருடிய வழக்காகக்கூட இருக்கலாமே?

மோஷன் எடுத்துக்கொள்ளப்பட்ட நாளில் பின்வரிசை வாங்கில் யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். யாருக்கும் தெரியாமல் ஒரு காரியம் செய்ய நான் தேர்ந்தெடுத்த இடம் எப்படிப்பட்டது என்பது சற்று நேரத்தில் புரிந்தது. ஏடு மேசைக்கு வந்தால் வழக்கைக் கூப்பிட வேண்டும். வழக்கைக் கூப்பிட்டால் எதிரியின் பெயரைக் கூப்பிட வேண்டும். அழைப்புக்காரர் வாசலில் போய் நின்று, முதலாளியின் பெயரை, தகப்பன் பெயரோடும் தோட்டத்தின் பெயரோடும், தெருவெல்லாம் கேட்கும்படி மூன்று தரம் கூவினார்.

தெருவில் முச்சக்கரவண்டிக்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் வேறு செய்தித்தாபனம் தேவையில்லை.

என் சட்டத்தரணி எழுந்து விஷயத்தை விளக்கினார். எதிரியே உயிரோடு இருக்கும்போது அவருக்கு ஆட்சேபணை இல்லையா என்று நீதவான் கேட்டார். அதற்குப் பதில் சொல்லும் முன்னே வாசலில் ஒரு சலசலப்பு. முதலாளி வந்துவிட்டார். கையில் அளவுநாடா இழுத்தபடியே தொங்கியது. யாருக்கோ கம்பி அளந்துகொண்டிருந்த பாதியில் ஓடிவந்திருக்கிறார். யாரும் சொல்லாமலே நேரே போய் எதிரிக்கூண்டில் ஏறி நின்றுகொண்டார்.

"ஐயா, அந்தக் கேஸ் அப்பவே முடிஞ்சுபோச்சே," என்றார் சிங்களத்தில். கையிலிருந்த அளவுநாடா சரக்கென்று சுருண்டதற்கே துள்ளினார்.

அந்த ஒரு நிமிஷம் எனக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதைச் சொன்னால் என்னைப் பற்றிய உங்கள் அபிப்பிராயம் கெட்டுவிடும். சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

யாரும் பழைய வழக்கைத் தோண்டவில்லை, உங்கள் புத்தகத்தைப் பற்றிப் பேசப்போகிறவர் பிரதி கேட்கிறார் என்று நீதவான் சொன்னார். முதலாளி திரும்பிப் பார்த்தார். முன்னால் இருந்த பருமனான பொலிஸ்காரருக்குப் பின்னால் ஒளியப் பார்த்தேன். அவர் அந்நேரம் பார்த்துக் குனிந்துவிட்டார். முதலாளியின் கண் கலங்கிவிட்டது. ஆட்சேபணை இல்லை என்று கைகூப்பிச் சொன்னார்.

வெளியே விறாந்தையில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "என் கூடப்பொறந்த தம்பி ஒரு புக் வாங்கல்ல மாஸ்டர். நீங்க எனக்காகக் கோட்டுப் படி ஏறியிருக்கீங்க. ஒவ்வொரு வரியும் சரியான்னு பார்த்துத்தான் பேசுவேன்னு நிக்கிறீங்க பாருங்க, அதுதான் படிச்சவங்க!"

"அப்படியெல்லாம் ஒன்னுமில்ல முதலாளி," என்றேன். நான் அன்றைக்குச் சொன்ன ஒரே உண்மை அது.

பிரதி கிடைத்ததும் சட்டத்தரணி அதைத் தன் அறையில் வைத்து எனக்கு வாசித்துக் காட்டினார். எனக்குச் சிங்களம் பேச வரும். வாசிப்பதென்றால் எழுத்துக் கூட்டித்தான். கோழி இல்லை. அறை இருந்தது, கணக்கப்பிள்ளை இருந்தார், விளக்கமறியலும் இருந்தது. புத்தகத்தில் எழுதியதைவிடக் கூடுதலான நாட்கள் உள்ளே இருந்திருக்கிறார், அடக்கமாக எழுதியிருக்கிறார். அந்த அடக்கம் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பிறகு ஓரிடத்தில் சட்டத்தரணி வாசிப்பதை நிறுத்திச் சிரிக்கத் தொடங்கினார். மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். அப்போதிருந்த நீதவான், எத்தனை தரம் அடித்தாய் என்று கேட்டிருக்கிறார். இருபது வயதுப் பையன் சொன்னது அப்படியே பதிவாகியிருந்தது: "ஒரு அடிதான் ஐயா. அதுக்குள்ள அவரு உக்காந்துட்டாரு. உக்காந்திருக்கிற பெரியவங்கள அடிக்கிற பழக்கம் நமக்கில்ல."

"சேர், இது ஜோக்!" என்றார் அவர் கண்ணைத் துடைத்தபடி. பல வருஷமாக என் பத்தியை வாசிக்கிறவர். அதுவரை அவர் வாசித்தவை என்னவென்று நான் கேட்கவில்லை.

இந்த வரி புத்தகத்தில் இல்லை. "என் கரம் எழுந்தது" இருக்கிறது, இது இல்லை. மனிதர் மறந்துவிட்டிருக்கிறார். பிரதியைக் கொடுக்கப் போனபோது வாங்கவும் மாட்டேன் என்றார். "நீங்களே வச்சுக்குங்க மாஸ்டர். அதப் பார்த்தா நெஞ்சு படபடங்குது."

நான் ஆயுள் முழுக்கத் தேடிய மாதிரியான ஒரு வரி, சொந்தக்காரரே மறந்துவிட்ட வரி, என் பையில் கிடந்தது. அதை என் பத்தியில் வேறு பெயரில், வேறு ஊரில், எனதாகப் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்? இரண்டு தரம் எழுதியும் பார்த்தேன். இரண்டு தரமும் நான் எழுதியது போலவே இருந்தது, அதாவது கெட்டுப்போயிருந்தது.

வெளியீட்டன்று காலை மண்டபம் நிரம்பி வழிந்தது. முதலாளியின் பெயர் கோட்டு வாசலில் கூவப்பட்டதிலிருந்து ஊரில் அதே பேச்சு. புத்தகம் பாதி விற்றுவிட்டது. விற்றுக்கொடுத்தவன் நான். ஆய்வுரையைத் தொடங்கிப் பத்து நிமிஷத்தில் சபை கொட்டாவி விட்டது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. "வழக்கேட்டில் இப்படி இருக்கிறது" என்று சொல்லி அந்த வரியைச் சொன்னேன். மண்டபம் அதிர்ந்தது. இரண்டாவது வரிசையில் என் மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நான் அவளை அப்படிச் சிரிக்கக் கண்டதில்லை.

கீழே இறங்கியதும் ஆளாளுக்கு என் கையைக் குலுக்கினார்கள். "மாஸ்டர், அந்த உக்காந்திருக்கிற பெரியவங்க! உங்களாலதான் முடியும்!" முதலாளியும் காதோடு சொன்னார்: "நான் அப்படிச் சொன்னதா ஞாபகமே இல்ல. நீங்க போட்டதுதானே? பரவாயில்ல மாஸ்டர், எடுப்பா இருந்திச்சு." நான் வாயைத் திறந்தேன். அதற்குள் யாரோ வாயில் கேக் துண்டை வைத்துவிட்டார்கள்.

வீட்டுக்குப் போகும் முச்சக்கரவண்டியில் மனைவி என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். முகத்தில் இன்னும் சிரிப்பு மிச்சமிருந்தது. கல்யாணமான புதிதில் ஒருமுறை அந்த முகத்தோடு என்னைப் பார்த்திருக்கிறாள்.

"உண்மையச் சொல்லுங்க. அது நீங்க எழுதினதுதானே?"

ஆமாம் என்று தலையசைத்தால் போதும். முதலாளியே மறுக்கமாட்டார். வண்டி சந்தைப் பக்கமாகத் திரும்பும்வரை அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகம் எனக்கு வேண்டும். ஆனால் இன்னொருத்தன் வரியைக் கொடுத்து வாங்கினால், அது அவனைப் பார்த்துத்தான் சிரிக்கும், நான் பக்கத்தில் இருந்து வேடிக்கை பார்க்க வேண்டும். பையிலிருந்து பிரதியை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

அவள் கலேவெலயில் வளர்ந்தவள். சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. விரல் வைத்துப் பக்கம் பக்கமாக வாசித்தாள், அந்த இடம் வந்தது. மறுபடியும் சிரித்தாள், இந்த முறை சத்தமில்லாமல், தனக்குள்ளே.

"இருபது வயசுல!" என்றாள்.

பிறகு பிரதியை நான்காக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்து, சிப்பை இழுத்து மூடினாள்.